22 வருஷ வேலைக்கு எத்தனை கிரெடிட்?

கேள்வி, பிப்ரவரி 3, 2024

அண்ணா, பொள்ளாச்சி பக்கம் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பத்தாவது பாஸ். 22 வருஷமாக வீட்டு வயரிங், போர் மோட்டார், எப்போதாவது காயில் கட்டும் வேலை. மகள் இன்ஜினியரிங்கில் இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல்) முதல் வருஷம் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தபோது அவள் லேப் நோட்டைப் புரட்டினேன். மாடிப்படி வயரிங் படம் போட்டிருக்கிறாள், கீழே வாத்தியார் கையெழுத்து. "இதுக்கும் கிரெடிட் உண்டுப்பா" என்றாள். அதே பையில் இருந்த சேர்க்கைப் படிவ நகலில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. அனுபவத்துக்கும் கல்லூரியில் கிரெடிட் தரும் திட்டம் வந்துவிட்டது என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா? எனக்கு எவ்வளவு வரும்?

பிப்ரவரி 3, இரவு

யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு என்று ஒன்றை வெளியிட்டார்கள். கிரெடிட் என்றால் படிப்பை அளக்கும் புள்ளி, 30 மணி நேரப் படிப்புக்கு ஒன்று. வருஷத்துக்கு 1,200 மணி, ஆகவே 40 கிரெடிட். மூன்று வருஷ டிகிரிக்கு 120. வகுப்பில் உட்கார்ந்தது, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் எல்லாவற்றையும் இந்த ஒரே படியால் அளக்கலாம் என்கிறார்கள்.

சரி, அளப்போம். வருஷத்துக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி. 22 வருஷத்துக்கு 52,800 மணி. முப்பதால் வகுத்தால் 1,760 கிரெடிட். தம்பி, நீங்கள் 14 டிகிரி வாங்கி முடித்து, 15-வதில் மூன்றாம் வருஷத்துக்குப் போய்விட்டீர்கள். மகளிடம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, காலை

ராத்திரி விளையாட்டாகப் போட்ட கணக்கை நாலு பேர் எடுத்து வாட்ஸாப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒருவர் "எந்த அலுவலகத்தில் விண்ணப்பம்?" என்று கேட்கிறார். ஐயா, அது பகடி.

ஒழுங்காகச் சொல்கிறேன். மணிக்கணக்கைக் காட்டினால் கிரெடிட் வராது. யாராவது சோதித்து, தேறினீர்கள் என்று சொன்னால்தான் வரும். தேறிய பிறகு அனுபவத்துக்கு ஒரு பெருக்கல் உண்டு. அதே துறையில் ஏழு வருஷத்துக்கு மேல் போயிருந்தால் அதிகபட்சம் 2 மடங்கு. ஆனால் பெருக்குவதற்கு முதலில் ஒரு எண் வேண்டும். சோதிக்காதவரை அந்த எண் பூஜ்யம்.

கிடைத்த கிரெடிட்டைப் போட்டுவைக்க 2021-ல் ஒரு கணக்கு ஏற்பாடு கொண்டுவந்தார்கள், கல்விக் கிரெடிட் வங்கி. அதற்கும் ஆயுள் உண்டு, அதிகபட்சம் ஏழு வருஷம். டிகிரி தரும் இடத்திலேயே பாதிக் கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். அப்புறம், இன்ஜினியரிங் கல்லூரிக்குள் போக +2 அல்லது டிப்ளமோ கேட்பார்கள். பத்தாவதும் 22 வருஷமும் சேர்ந்து அந்தக் கதவைத் திறக்காது.

பிப்ரவரி 4, இரவு

உங்கள் கேள்வி எனக்குப் பழைய புண்ணைக் கிளறிவிட்டது. என் கதையைச் சொல்கிறேன், நீளும்.

1991-ல் பத்தாவது முடித்துவிட்டு கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். போர்டு கிடையாது, தகரக் கூரை, வார்னிஷ் நாற்றம். முதல் ஆறு மாதம் எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய கம்பியைப் பிடுங்குவது மட்டும்தான் வேலை. பிடுங்கும்போது எண்ண வேண்டும். ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளம்) புறப்பட்டு எதில் இறங்குகிறது. எண்ணிக்கை தப்பினால் மேஸ்திரி கையில் இருக்கும் மூங்கில் ஆப்பு பேசும்.

ஆறு வருஷம். அப்புறம் ஒரு கஸ்டமர் பேப்பரில் பார்த்துச் சொன்னார், ஐ.டி.ஐ. போகாமலே ஐ.டி.ஐ. பரீட்சை எழுதலாம் என்று. அகில இந்திய தொழிற்தேர்வு, தனித்தேர்வர். 21 வயது முடிந்து, அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால் போதும். 1997-ல் எழுதினேன், பாஸ். நம் நாட்டில் அனுபவத்தை மதித்த முதல் கதவு எனக்கு அதுதான். இன்றும் இருக்கிறது. தம்பி, உங்களுக்கு நான் சொல்லும் முதல் வழியும் அதுவே.

அதற்கப்புறம் மாலை நேர டிப்ளமோ, நாலு வருஷம். அதற்கப்புறம் பகுதி நேர பி.இ., மூன்றரை வருஷம், ஏழு செமஸ்டர். இரண்டுக்கும் வேலை அனுபவச் சான்று இருந்தால்தான் விண்ணப்பமே வாங்குவார்கள். கவனியுங்கள், அனுபவம் கட்டாயம். ஆனால் உள்ளே போனதும் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. எங்கள் வகுப்பில் மில் ஃபிட்டர், மின்வாரியத்துக்காரர், பம்பு கம்பெனி சூப்பர்வைசர் எல்லாரும் இருந்தோம். எல்லாருக்கும் முதல் லேப், ஒரு சுவிட்ச் ஒரு பல்பு.

நாலும் மூன்றரையும் ஏழரை. என் அம்மா ஜாதகத்தைப் பார்க்காமலே சொன்னார், "உனக்கு ஏழரை பிடிச்சிருக்கு."

பிப்ரவரி 6

"அனுபவம் நுழைவுச்சீட்டு மட்டும்தான், உள்ளே செல்லாக்காசு என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், நேற்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டிப்ளமோ லேபில் நடந்த ஒன்றைச் சொன்னால் நானே எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆகும். பரவாயில்லை.

இரண்டாம் செமஸ்டர், மாடிப்படி வயரிங். தம்பி மகள் நோட்டில் இருக்கும் அதே படம். இரண்டு டூவே சுவிட்ச், ஒரு விளக்கு, கீழேயும் போடலாம் மேலேயும் அணைக்கலாம். எனக்குச் சிரிப்பு. பட்டறை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது வீட்டிலாவது போட்டிருப்பேன். ரெக்கார்டு நோட்டைக்கூடத் திறக்காமல் பத்து நிமிஷத்தில் பலகையில் கட்டி, சுவிட்சைத் தட்டிக் காட்டினேன். எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

லேப் உதவியாளர் வயசானவர், வேட்டி கட்டிக்கொண்டு வருவார். பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தார். பல்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஹோல்டரின் ஒரு முனையில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. அடுத்த முனையில் வைத்தார். அங்கேயும் எரிந்தது.

"அணைச்ச விளக்கு. பல்பு மாத்தப் போறவன் கை எங்கே படும்?" என்றார்.

என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முறை அது. மேலேயும் கீழேயும் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (திரும்பும் ஒயர்) இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், இரண்டு சுவிட்சுக்கும் இரண்டையும் கொடுத்துவிட்டு, நடு முனைகளுக்கு நடுவே விளக்கை மாட்டிவிடுவோம். ஒயர் மிச்சம். இரண்டு சுவிட்சும் நியூட்ரல் பக்கம் இருந்தால் ஒன்றும் இல்லை. இரண்டும் பேஸ் பக்கம் இருந்தால் விளக்கு அணைந்துதான் இருக்கும், ஆனால் ஹோல்டர் இரண்டு முனையிலும் கரண்ட். பேஸ் மட்டும் சுவிட்ச் வழியாக வர வேண்டும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போக வேண்டும். ஏழெட்டு வருஷம் தப்பாகவே சரியாக எரியவைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் மூன்று வீட்டுக்குப் போய் மாற்றிக்கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மற்ற வீடுகள் எங்கே என்று இப்போது நினைவில்லை.

பிப்ரவரி 6, இரவு

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார்: "அண்ணா, நானும் அப்படித்தான் போடறேன்."

கிரெடிட்டை விடுங்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலை அது.

பிப்ரவரி 9

அனுபவச் சான்றிதழ் எப்படி வாங்குவது என்று ஆறு பேர் கேட்டாயிற்று. இதில்தான் பாதிப் பேர் விழுகிறோம்.

எங்கள் முதலாளியிடம் கேட்டபோது நேராகவே சொன்னார்: "எழுதிக் குடுத்தா நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து நிப்பான், பி.எஃப். எங்கே, இ.எஸ்.ஐ. எங்கேன்னு." அவர் பயம் அவருக்கு. பதினைந்து வயசுப் பையனைச் சேர்த்தேன் என்று எவன் எழுதுவான்? ஒரு மாதம் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் பில் புத்தகத்தின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். மூன்று வருஷம் என்று. பரீட்சைக்கு மூன்றுதானே கேட்கிறார்கள், ஆறு எதற்கு என்றார். காகிதப்படி என் முதல் மூன்று வருஷம் நடக்கவே இல்லை.

அதே சமயம், ஒரு நாள்கூடக் கம்பியைத் தொடாதவன் அருமையான லெட்டர்பேடில் ஐந்து வருஷச் சான்று வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். எங்கே என்று கேட்டேன். ஐநூறு ரூபாய் என்றான். இடத்தைக் கேட்டேன், விலையைச் சொன்னான்.

உழைத்தவனிடம் காகிதம் இல்லை, காகிதம் வைத்திருப்பவன் உழைக்கவில்லை. எல்லாரும் அப்படியில்லை, கோபத்தில் எழுதுகிறேன். ஒழுங்கான கம்பெனியில் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சின்னப் பட்டறை, வீட்டு வேலை, தினக்கூலி ஆட்களுக்குத்தான்.

பிப்ரவரி 11

ஒரு பெண் எழுதுகிறார். அவர் அம்மா சத்துணவு மையத்தில் சமையலர், 24 வருஷம். கேட்டரிங் டிப்ளமோவில் ஏதாவது கழித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார்.

கழிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று எடுத்து, இன்றைக்கு எத்தனை பிள்ளை வந்திருக்கிறது என்று பார்த்து, விறகடுப்போ கேஸோ, பன்னிரண்டரைக்குள் குழையாமல் இறக்குகிற கை அது. மொத்தச் சமையல் என்று கேட்டரிங் கல்லூரியில் ஒரு தாளே இருக்கிறது. ஆனால் அம்மாவிடம் பேட்டி எடுத்தால் என்ன சொல்வார்? "கண்ணளவுதாங்க" என்பார். கண்ணளவுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பிப்ரவரி 11, சற்றுப் பின்

பாரிஸிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"அண்ணை, நான் இங்க ரெஸ்டோரன்ட் குசினியில பதினாறு வருசம். இங்க வே.ஆ.ஏ. எண்டு ஒரு முறை இருக்கு. பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. செய்த வேலையை ஒரு பெரிய கோப்பா எழுதிக் குடுக்கோணும், பிறகு ஜூரிக்கு முன்னால இருந்து கதைக்கோணும். எனக்கு முழு டிப்ளோமும் கிடைச்சது. சமையல் கஷ்டமில்லை, அந்த பிரெஞ்சில எழுதினதிலதான் சீவன் போட்டுது."

தேடிப் படித்தேன். பிரான்சில் 2002 ஜனவரியில் வந்த சட்டம். முதலில் மூன்று வருஷ அனுபவம் கேட்டார்கள், 2016-ல் ஒரு வருஷமாகக் குறைத்தார்கள், 2022 டிசம்பர் சட்டத்தில் அந்த நிபந்தனையே போனது. ஜூரி நினைத்தால் முழுச் சான்றிதழும் தரலாம், பாதியைத் தந்து மிச்சத்தைப் படித்துவிட்டு வா என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே 1967 முதல் கிளெப் என்று ஒரு பரீட்சை. வகுப்புக்கே போகாமல் எழுதி, தேறினால், ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் போட்டுக்கொள்கின்றன. ராணுவத்தில் கற்றதைக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றும் பழக்கம் அதற்கும் முந்தியது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஏற்பாடு.

பாரிஸ்காரர் சொன்னதில் எனக்குப் பிடித்தது சமையலைப் பற்றியது அல்ல, எழுதினதுதான் கஷ்டம் என்றாரே, அது. சத்துணவு அம்மாவின் கண்ணளவும் அங்கேதான் மாட்டுகிறது.

பிப்ரவரி 15

பி.இ. அஞ்சாம் செமஸ்டர் என்று நினைக்கிறேன். மின் இயந்திரங்கள் வகுப்பு, சாயங்காலம் ஆறரை மணி.

அதற்குப் பின்கதை ஒன்று. 1996-ல் அன்னூர்க்காரர் ஒருவர் 5 எச்.பி. மோட்டார் கொண்டுவந்தார். 36 ஸ்லாட், 4 போல் (காந்த முனை). காயில் கட்டிக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் திரும்ப வந்தது, முனகுகிறது, சூடாகிறது என்று. மறுபடி கட்டினோம், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை 1-ஆம் ஸ்லாட்டிலிருந்து 10-க்குப் போட்டிருந்த காயிலை 1-லிருந்து 9-க்குக் குறைத்துப் போட்டேன். சத்தம் நின்றது. அந்த யோசனை என்னுடையது. மேஸ்திரிகூட "பரவாயில்லையேடா" என்றார். ஏன் நின்றது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

2006-ல் அந்த வகுப்பில் பேராசிரியர் போர்டில் எழுதுகிறார். 36 ஸ்லாட், 4 போல், போலுக்கு 9 ஸ்லாட். ஒரு ஸ்லாட் குறைத்தால் காயிலின் அகலம் மின்கோணத்தில் 20 டிகிரி குறையும். முதன்மை அலை 0.985 மடங்கு ஆகும், அதாவது ஒன்றரை சதவீதம்தான் போச்சு. ஐந்தாம் ஹார்மோனிக் (கூடவே வரும் வேண்டாத அலை) 0.643 மடங்காகும். ஏழாவது 0.342. வேண்டாத அலைகள் படுத்துவிடும், வேண்டிய அலைக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. முனகலும் சூடும் பாதிக்கு அவற்றால் வருபவை.

பத்து வருஷம் கழித்து அன்னூர் மோட்டாருக்குப் பதில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவரைத் தட்டி "பாருங்க, பாருங்க" என்றேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், முந்தின நாள் மில்லில் நைட் ஷிப்ட்.

அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன்: லேபுக்கெல்லாம் எங்களுக்கு விலக்கு தந்துவிட வேண்டும், தியரியை மட்டும் நடத்த வேண்டும். பல வருஷம் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, இரவு

மேலே எழுதியதைச் சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன். பிப்ரவரி 6-ல் எழுதியதும் இதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எந்த லேபுக்கு விலக்கு வேண்டும் என்கிறேனோ, அந்த லேபில்தானே ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தது? விலக்கு கிடைத்திருந்தால் இன்றும் அப்படியேதான் போட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தேவைப்பட்டது அந்த லேப் உதவியாளரோடு அரை மணி நேரம், அவ்வளவுதான். செமஸ்டர் முழுக்க ஒரு சுவிட்ச் ஒரு பல்பு கட்டியதும் வீண். ஒன்றையும் பார்க்காமல் கிரெடிட் கொடுத்திருந்தால் அதுவும் கேடு. வேலை தெரிந்த ஆள், கையில் டெஸ்டர், ஆளுக்கு அரை மணி. அணைத்த விளக்கில் கை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறவர் வேண்டும். அதற்கு ஆள் கூலி ஆகும், நேரம் ஆகும். அதனால்தான் எல்லாரும் ஒன்று சான்றிதழைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் எல்லாரையும் ஒன்றாம் பாடத்திலிருந்து உட்காரவைக்கிறார்கள்.

பிப்ரவரி 18

"ஆர்.பி.எல். முகாம் நடத்துகிறார்களே, அதில் ஆளைப் பார்த்துத்தானே சோதிக்கிறார்கள்?"

முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர், 2015-க்குப் பிறகு நாடு முழுக்க நடக்கிறது. நானே ஒரு முகாமில் சோதிப்பவனாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாளில் 38 பேர். கணக்குப் போடுங்கள், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம், அதில் போட்டோ எடுப்பதற்கு மூன்று.

கேள்விகள் டேப்லெட்டில். தமிழ் உண்டு என்றார்கள். ஒரு கேள்வி: "தற்போதைய அளவீட்டுக்குப் பயன்படும் கருவி எது?" எனக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. கரண்டைத்தான் 'தற்போதைய' ஆக்கியிருக்கிறார்கள். அம்மீட்டர் என்று தெரிந்த 38 பேரில் பாதிப் பேர் அந்தக் கேள்வியில் காலண்டரைத் தேடினார்கள்.

அறுபது வயசு இருக்கும், ஒரு பெரியவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். மூலையில் முகாமுக்கு எடுத்துவந்த மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தார். "விசிறிப் பக்கம் பேரிங் போயிருச்சுங்க, இன்னும் பத்து நாள்" என்றார். கழற்றிப் பார்த்தோம், போயிருந்தது. டேப்லெட்டில் 25-க்கு 7. நான் செய்முறைக்கு முழு மதிப்பெண் போட்டேன். எழுத்தில் தேறாததால் மொத்தத்தில் தேறவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான்.

பிப்ரவரி 19

குட்டித் திருத்தங்கள்.

ஏ.எம்.ஐ.இ. பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: 1920-ல் தொடங்கிய இன்ஜினியர்கள் சங்கம் நடத்தும் பரீட்சை, ஏ பகுதி, பி பகுதி. வேலையில் இருந்துகொண்டே எழுதி இன்ஜினியர் ஆனவர்கள் எங்கள் தலைமுறைக்கு முன் ஏராளம். 2013 மே 31-க்குள் பதிந்தவர்களுக்குத்தான் பட்டத்துக்குச் சமம் என்ற அங்கீகாரம். இப்போது அந்தப் பாதை மூடியாயிற்று.

'திறந்தநிலைப் பல்கலைக்கழக டிகிரி செல்லாது' என்று யாருக்கோ பதிலில் எழுதிவிட்டேன். தப்பு, அப்படி மொட்டையாகச் சொல்லக்கூடாது. பத்தாவது, +2 இல்லாமல் வயசை மட்டும் காட்டி நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009 ஆகஸ்டில் அரசாணை வந்தது, எண் 107. பத்தாவது, +2 முடித்துவிட்டு முறைப்படி திறந்தநிலையில் படித்தவர்களை அது தொடவில்லை. ஆனால் அந்த ஆணையால் என் நண்பர் ஒருவரின் பதவி உயர்வு போனது. ஒரு கதவு திறந்து கூப்பிட்டது, இன்னொரு கதவு உள்ளே போன பிறகு மூடியது. அவரிடம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 20

தம்பிக்கு உருப்படியாக.

தனித்தேர்வர் விண்ணப்ப அறிவிப்பு வரும்போது மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள், அரசு ஐ.டி.ஐ.யிலும் சொல்வார்கள். இன்னொன்று, மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது, வயரிங்கில் ஐந்து வருஷச் செய்முறை அனுபவம். உங்கள் வேலைக்கு உடனே உதவுவது இதுதான். டிகிரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனித்தேர்வு முடித்தால் மகளின் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் எலக்ட்ரீஷியன் என்று எழுதச் சொல்லுங்கள். முடிக்கும் முன்பே எழுதலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம், நோட்டு. காயில் கட்டும்போது எச்.பி., ஸ்லாட், பிட்ச் (எந்த ஸ்லாட்டிலிருந்து எதுவரை), சுற்று, கேஜ், கம்பி எடை எல்லாம் குறித்துவைத்திருப்பீர்களே? அதைப் பத்திரப்படுத்துங்கள். பாரிஸ்காரர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கோப்பு என்ன? அதுதான். நாம் தினமும் எண்ணெய்க் கையோடு எழுதிவிட்டோம். என்றைக்காவது ஒரு நல்ல ஆள் உங்களைச் சோதிக்க உட்கார்ந்தால், லெட்டர்பேடை ஒதுக்கிவிட்டு இதைப் புரட்டுவார். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்கலாம்: இந்த மோட்டாருக்கு ஏன் 19 கேஜ், இதில் ஏன் சுற்றைக் கூட்டினாய்? ஐநூறு ரூபாய்க்கு வாங்கினவன் இங்கே மாட்டிக்கொள்வான்.

பிப்ரவரி 20, இரவு

தம்பி: "இருக்குங்கண்ணா. நாலு டைரி. மகள் பார்த்துட்டு, 'இது டேட்டாப்பா' என்கிறாள்."

பாருங்கள்.

மார்ச் 2

நோட்டு நோட்டு என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என்னுடையதைத் தேடாமல் இருக்க முடியவில்லை. பரணில் இருந்தது. அட்டை போய்விட்டது, வார்னிஷ் கறை, எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. அன்னூர் மோட்டார் பக்கத்தைத் தேடினேன்.

1996, ஆகஸ்ட். 5 எச்.பி., 36 ஸ்லாட். பிட்ச் 1-10. என் கையெழுத்து. கீழே இன்னொரு வரி, மறுபடி 1-10. என் கையெழுத்து. மூன்றாவது வரியில் 1-9 என்று இருக்கிறது. அந்த 9-இன் வால் இடது பக்கம் சுழிந்திருக்கிறது. மேஸ்திரி ஒன்பதை அப்படித்தான் போடுவார். அவர் மூன்றாவதுவரை படித்தவர். நோட்டில் எழுதவே மாட்டார், எண்களை மட்டும் எப்போதாவது.

27 வருஷமாக அதை என் யோசனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூவில் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் எழுதிவிட்டேன். மேஸ்திரி "பரவாயில்லையேடா" என்றது எதற்கு என்று இப்போது யோசித்தால், அவர் சொன்ன மாதிரி நான் இறக்கியதற்காக இருக்கலாம். பிப்ரவரி 15-ல் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

தம்பி, உங்கள் நாலு டைரியையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த வரி யார் கையெழுத்து என்று பக்கத்திலேயே பென்சிலில் குறித்துவிட்டு எடுங்கள்.